சிகிச்சைக்குப் பின் தோன்றும் புதிய கட்டி

(பாகான் டத்தோ வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆற்றப்பட்ட உரை)



மலேசியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயாகும். அதற்கு அறுவைச் சிகிச்சை பெற்று, உடல் தேறி வேலைக்குத் திரும்பிய ஒரு சகோதரிக்குத் தழும்பின் அருகிலோ, அக்குளிலோ புதிதாய் ஒரு கட்டி தட்டுப்படுமாயின், நெஞ்சம் நடுங்குவது இயல்பே. ஆனால், அச்சத்தால் அதனை மறைத்து வைப்பதுதான் பெருந்தீங்கு.

புதிய கட்டிகள் யாவும் புற்றுநோய் அல்ல. பால் வெட்டும் கத்தி ஆழமாகப் பட்ட மரத்தில், பட்டை மீண்டும் வளருங்கால் முண்டும் முடிச்சும் தோன்றுவதை நீங்கள் அறிவீர்கள். அவ்வாறே, அறுத்த இடத்தில் தழும்பு தடித்து நிற்கலாம். நீர் கோத்துக் கொள்ளலாம். கத்தியோ கதிரியக்கச் சிகிச்சையோ பட்ட கொழுப்பு சிதைந்து, ஆண்டுகள் கழிந்த பின்னரும் கெட்டியான கட்டியாகலாம். இவை புற்றுநோய் ஆகா.

ஆயினும், நோய் திரும்புவதும் உண்டு. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வொன்றில் பெண்கள் 20 ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். கட்டியை மட்டும் அகற்றிக்கொண்டவர்களுள் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிரியக்கச் சிகிச்சையும் பெற்றவர்களுள் அது நூற்றுக்கு 14 பேராகக் குறைந்தது. ஆதலின், மருத்துவர் விதித்த சிகிச்சையை இடையில் நிறுத்தலாகாது. மார்பு முழுவதையும் அகற்றிக்கொண்டவர்களும் தழும்பையும் அக்குளையும் கவனித்து வருதல் வேண்டும்.

எது நோய், எது நோயன்று என்பதைக் கைவிரலோ, அண்டை வீட்டாரின் அனுபவமோ கூற இயலாது. மம்மோகிராம், அல்ட்ராசவுண்ட் படங்களும், தேவைப்படின் ஊசியால் சிறிது தசை எடுத்துச் செய்யும் சோதனையுமே கூறும். அதுவரை கட்டியை உருவிவிடுதலும் பச்சிலை வைத்துக் கட்டுதலும் வேண்டா.

அடுத்த தவணை நாள் வரட்டும் என்று காத்திராமல், சிகிச்சையளித்த மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது தொலைவெனில், அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தை நாடுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளிதான். மேற்சோதனைக்குத் தெலுக் இந்தான் மருத்துவமனைக்கோ, ஈப்போவுக்கோ அனுப்புமாறு மருத்துவரிடம் கேளுங்கள். முன்பு பெற்ற சிகிச்சையின் தாள்களை மறவாமல் கொண்டு செல்லுங்கள்.

“சம்பளம் போய்விடுமே” என்று தயங்க வேண்டா. வேலை செய்ய இயலாதென மருத்துவர் சான்றளிக்கும் நாட்களுக்கு, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்துடன் விடுப்பு அளிக்கிறது. ஈராண்டு நிறையாதவர்க்கு ஆண்டுக்கு 14 நாள். ஐந்தாண்டு நிறையாதவர்க்கு 18 நாள். அதற்கு மேற்பட்டவர்க்கு 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை தனியே உண்டு. 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

கணவன்மார்களே, பிள்ளைகளே! வீட்டுக்குப் பாரமாவோமோ என்று அஞ்சியே பல தாய்மார்கள் வாய் திறப்பதில்லை. நீங்களே கேளுங்கள், உடன் செல்லுங்கள். கட்டி தீங்கற்றதெனில் மனக்கவலை அன்றே நீங்கும். நோயெனில் சிகிச்சை காலத்தே தொடங்கும்.