பஞ்சணையும் உடல் நோவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியமும் இசையும் மணக்கும் இம்மேடையில் மெத்தையைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் வியக்கக்கூடும். வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நாம் படுக்கையில் கழிக்கிறோம். அதனினும் மேலாக, சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நமக்கு இப்பொருளில் தனி உரிமை உண்டு. விருந்தினர் வாராத மாதம் நம் இல்லங்களில் அரிது. அலிபிரியிலிருந்து 3,550 படிகள் ஏறி, மலையப்பனைத் தொழுது இறங்கி வந்து, "கால் கழன்றுவிடும் போலிருக்கிறது, சற்றுச் சாய இடம் கொடு" என்று கேட்கும் அத்தையும் பெரியப்பாவும் நம் கூடத்திலேதான் படுக்கிறார்கள். அவர்களுக்கு எதை விரிப்பது? நம்முடன் தங்க ஊரிலிருந்து வந்த முதிய தாய் தந்தையர் விடியலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்களே, அதற்கு என்ன செய்வது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடவே இங்கு முற்படுகிறோம்.

படுக்கையை அடுக்கடுக்காக அமைக்கும் கலை நமக்குப் புதிதன்று. திருப்பாவையின் பத்தொன்பதாம் பாசுரத்தில் ஆண்டாள் பஞ்ச சயனத்தைக் குறிப்பிடுகிறார். மார்கழி மாதத்தில் திருமலையில் சுப்ரபாதத்திற்கு மாற்றாக ஒலிப்பது அத்திருப்பாவையே என்பதை நாம் அறிவோம். இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர், அன்னத்தூவி ஆகிய ஐந்தால் இயன்ற படுக்கை என்று அதற்குப் பொருள் கூறுவர். அழகு, குளிர்ச்சி, மென்மை, மணம், வெண்மை என்னும் ஐந்து தன்மைகளை உடையது என்று உரைப்பாரும் உளர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், யானைக் கொம்பால் செய்த கட்டிலையும் அதன்மேல் விரித்த அன்னத்தூவி அணையையும் நக்கீரர் விரித்துரைக்கிறார். ஆயினும், பாசறையில் இருக்கும் கணவனை எண்ணி வருந்தும் அரசிக்கு அப்படுக்கையில் உறக்கம் வந்ததா? வரவில்லை. மென்மை மட்டுமே துயிலைத் தந்துவிடாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இனி மருத்துவம் கூறுவதைக் காண்போம். "முதுகு வலிக்கிறதா? கட்டாந்தரையில் படு" என்பது நம்மிடையே நெடுநாளாக வழங்கும் அறிவுரை. 2003ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்று வெளிவந்தது. நாட்பட்ட இடுப்பு வலியுடைய 313 பேரில் ஒரு சாராருக்குக் கடினமான மெத்தையும், மற்றொரு சாராருக்கு நடுத்தரக் கடினமுள்ள மெத்தையும் அளித்து 90 நாள் கழித்துப் பார்த்தனர். படுத்திருக்கும்போதும் எழும்போதும் வலி மிகுதியாகக் குறைந்தது நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே.

காரணம் விளங்கக்கூடியதே. முதுகெலும்பு இரும்புக் கம்பி அன்று; அதற்கு இயல்பான வளைவுகள் உண்டு. கட்டாந்தரையில் தோளும் இடுப்பெலும்புமே உடற்பாரம் முழுவதையும் தாங்குகின்றன. இடையின் வளைவு தாங்குவாரின்றி நிற்கிறது. மிக மெத்தென்ற படுக்கையிலோ இடுப்பு அமிழ்ந்து, உடல் தூளியில் கிடப்பதுபோல் வளைகிறது. இரண்டும் தீங்கே. ஆதலின் அடியில் தாங்குவது ஒன்று, மேலே இசைந்து கொடுப்பது ஒன்று என இரண்டு அடுக்குகள் வேண்டும். பஞ்சணைக் கலையின் சாரம் இவ்வளவே.

கடைகளில் 'டாப்பர்' என்று விற்கப்படும் மேல்மெத்தை இம்மேலடுக்கின் வேலையைச் செய்வது. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று அங்குலக் கனம் போதும். அது கடினமான படுக்கையை மென்மையாக்கும். குழி விழுந்த மெத்தையைச் செம்மையாக்காது. குழியின்மீது எத்துணை விலையுள்ளதை விரித்தாலும் அதுவும் குழியிலேயே இறங்கும். அடிமெத்தையை மாற்றாமல் மேல்மெத்தையை நம்பியிருப்பது இலவு காத்த கிளியின் கதையாகும். கயிற்றுக் கட்டிலாயின், முதலில் கயிற்றை இறுக்குங்கள்.

எப்பொருளைத் தேர்வது? இலவம்பஞ்சு இலேசானது, அதன் இழை உட்குழல் உடையது, எளிதில் நீரை உறிஞ்சாது. பருத்திப் பஞ்சு வியர்வையை ஈர்த்துக் குளிர்ச்சி தரும். ஆனால் நாளடைவில் கட்டி தட்டும். அதைப் பிரித்து அடித்து மீண்டும் தைப்பதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்கள் இப்பகுதியின் தூதேகுல மக்கள். தெலுங்கில் 'தூதி' என்றால் பஞ்சு. 'பருபு' என்றால் மெத்தை. புதிதாகக் குடிவந்த நம்மவர் செவியில் அது 'பருப்பு' என்று விழுந்து நகைப்பை விளைப்பதுண்டு! ரப்பர்ப் பால் தோய்த்த தென்னை நார் மெத்தை உறுதியானது, காற்றோட்டம் உள்ளது, அடியடுக்குக்கு ஏற்றது. இயற்கை ரப்பரால் ஆகிய லேடெக்ஸ் அமிழ்ந்தாலும் உடனே நிமிரும். 'மெமரி ஃபோம்' 1966இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்காக, வானூர்தி இருக்கைகளின் பொருட்டு உருவாக்கப்பட்டது. உடற்சூட்டால் இளகித் தோளுக்கும் இடுப்புக்கும் இடங்கொடுக்கும். ஆயினும் வெப்பத்தைத் தேக்கும். முதியோர் அதில் புரண்டு படுப்பதும் கடினம். கோடையில் 40 பாகை செல்சியசைக் கடக்கும் திருப்பதியில் இதனை எண்ணிப் பார்த்தே வாங்க வேண்டும்.

பணம் செலவிடுமுன் ஓர் எளிய சோதனை உண்டு. மல்லாந்து படுத்து, இடையின் கீழே கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் படுக்கை கடினம். நுழையவே மறுத்தால் மிக மென்மை. கடினமெனில், வீட்டிலுள்ள இரண்டு பருத்திப் போர்வைகளை மடித்து விரித்து ஒரு வாரம் படுத்துப் பாருங்கள். நோவு குறைந்தால் மேல்மெத்தை வாங்குவது தகும். மென்மையெனில், தரையில் பாயும் மெல்லிய மெத்தையும் இட்டுச் சில இரவு படுத்துப் பாருங்கள். அதில் நலம் தெரிந்தால் மாற்ற வேண்டியது அடிமெத்தையையே. 'ஆர்த்தோ' என்று உறைமேல் அச்சிட்டிருப்பது மட்டும் மருத்துவச் சான்று ஆகாது. ஒருக்களித்துப் படுப்பவருக்குச் சற்று மிகுந்த மென்மையும், குப்புறப் படுப்பவருக்குக் குறைந்த மென்மையும் பொருந்தும்.

மலையிறங்கி வந்த விருந்தினருக்கு, கோரைப்பாய், அதன்மேல் மடித்த ஜமக்காளம், அதன்மேல் இரண்டு அங்குலப் பஞ்சு மெத்தை, மேலே துவைத்த பருத்தி விரிப்பு என அடுக்குங்கள். முழங்காலின் கீழ் ஒரு தலையணை வையுங்கள். ஒருக்களித்தால் அதுவே முழங்கால்களுக்கு நடுவில் இருக்கட்டும். படியிறங்கிய தொடைவலி மறுநாள் மிகுவது இயல்பு. சில நாளில் தானே தணியும். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் வெயில் கண்ட நாளில் பஞ்சு மெத்தைகளை உலர்த்தத் தவறாதீர்கள்.

ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். காலில் மரமரப்போ வலுக்குறைவோ, சிறுநீர் கட்டுப்படாமையோ, காய்ச்சலோடு கூடிய முதுகு வலியோ தோன்றினால் மெத்தைக் கடைக்குச் செல்லாதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எலும்பு, மூட்டு மருத்துவத்திற்கென்றே தேவஸ்தானம் நடத்தும் பர்ட் மருத்துவமனை திருப்பதியிலேயே இருக்கிறது. படுத்த படுக்கையான முதியோருக்கு மேல்மெத்தை மட்டும் காப்பாகாது. காற்று மெத்தையோடு, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிவிடும் கைகளும் வேண்டும். "தொந்தரவு தருகிறோமே" என்று எண்ணி வலியைச் சொல்லாமலே விழுங்கும் பெற்றோர் நம் வீடுகளில் பலர். இன்றிரவு இல்லம் திரும்பியதும் அவர்கள் படுக்கையில் நாம் ஒருமுறை படுத்துப் பார்ப்போம். அவர்கள் சொல்லாததை அப்படுக்கை சொல்லிவிடும்.

பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு உறவினரைப் பேணுவதே ஊரைப் பேணுவதாகும். உண்ண நல்ல சோறும், படுக்க நல்ல பாயும் தரும் இல்லமே தமிழ் இல்லம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!