கியூ.ஆர். அட்டையைக் கழற்றினால் கணக்கு தீர்ந்துவிடுமா?

(ஆம்பூரில் வியாபாரிகள், இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

பிரியாணிக் கடையிலிருந்து ஷூ கம்பெனி வாசலில் இருக்கும் டீக்கடை வரை, இன்று செல்போனில் பணம் வாங்காத கடை நம் பகுதியில் எத்தனை இருக்கும்? 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அந்த நெருக்கடியில் பலரும் யு.பி.ஐ. பக்கம் வந்தார்கள். நோட்டுத் தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அதை விடவில்லையே, ஏன்?

வசதி ஒரு காரணம். விதிகள் தந்த நம்பிக்கை இன்னொரு காரணம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவிட்டது. ஒருவர் கணக்கில் கழிந்த பணம் மற்றவர் கணக்கில் சேராவிட்டால் மறுநாளுக்குள் திருப்ப வேண்டும். கடைக்குச் செலுத்திய பணம் என்றால் 5 நாட்களுக்குள். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு! 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. வரவுக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்ற விதியும் வந்தது. மக்கள் நிலைத்து நின்றார்கள்.

அதே மக்களை விரட்டியதும் அரசின் நடவடிக்கைதான். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யு.பி.ஐ. வரவைக் கூட்டிப் பார்த்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி, பால் போன்ற வரிவிலக்குப் பொருள் விற்றவர்களுக்கும் போனது. விளைவு? பெங்களூர்க் கடைகளில் 'யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்' என்ற அட்டைகள் தொங்கின. கடையடைப்புக்கும் நாள் குறித்தார்கள். முதல்வர் சித்தராமையா அழைத்துப் பேசி, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற பிறகே அமைதி திரும்பியது.

சகோதரர்களே! அந்தப் பீதி நமக்கும் தொற்ற வேண்டாம். வரி யு.பி.ஐ. மீது அல்ல, விற்பனை மீது. பொருள் விற்பவர் ஆண்டுக்கு 40 லட்சம், சேவை செய்பவர் 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு அவசியம். ரொக்கமும் அந்தக் கணக்கில் அடங்கும். அட்டையைக் கழற்றுவதால் கடமை கழன்றுவிடாது. வாடிக்கையாளர்தான் அடுத்த கடைக்குப் போவார்.

நம் பலவீனம் எங்கே? கடை வரவு, சீட்டுப் பணம், கைமாற்று, கல்யாணத்துக்கு உறவினர் அனுப்பிய தொகை எல்லாம் ஒரே கணக்கில் விழுகின்றன. அதிகாரி கண்ணுக்கு அத்தனையும் விற்பனை! எனவே கடைக்குத் தனிக் கணக்கு வையுங்கள். கொள்முதல் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ரொக்க விற்பனையையும் அன்றன்றே எழுதுங்கள். நோட்டீஸ் வந்தால் ஒளித்து வைக்காமல், கெடுவுக்குள் ஆடிட்டர் மூலம் பதில் கொடுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நமக்குப் புதிய பாடமா என்ன?

இளைஞர்களே! எழுதப் படிக்கச் சிரமப்படும் தெருக்கடைப் பெரியவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் கணக்கு எழுதிக் கொடுங்கள். அரசையும் கேட்போம்: முதலில் சொல்லிக் கொடுங்கள், பிறகு நோட்டீஸ் கொடுங்கள். பயமுறுத்திப் பணத்தை மீண்டும் கல்லாப்பெட்டிக்குள் பதுங்க வைப்பதால் அரசுக்கும் லாபமில்லை, நமக்கும் இல்லை.