ஒலித்தடங்களைச் சோதிக்கும் கணினி



பாட்டு, வயலின், மிருதங்கம் ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களிற் பதிந்து, பின்னர் ஒன்றாகக் கலப்பதே பல்தட ஒலிப்பதிவு. 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அம்பெக்ஸ் நிறுவனம் லெஸ் போல் என்னும் இசைக்கலைஞருக்கு அமைத்துக் கொடுத்த பொறியில் எட்டுத் தடங்களே இருந்தன. இன்று கணினி நூறு தடங்களையும் ஏற்கும். அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிழை காண மனிதருக்குப் பொழுது போதாது.

அப்பணியை இப்போது கணினியே செய்கிறது. ஒலி அளவுமீறியதால் அலையின் உச்சி வெட்டுண்ட இடத்தையும், ஒலியே பதியாத தடத்தையும் அது விரைவில் அளந்து காட்டும். ஒரே குரலைப் பதிந்த இரு தடங்களுள் ஒன்றின் அலை தலைகீழாயின், இரண்டும் கலக்கும்போது ஒன்றையொன்று அழிக்கும். ஒற்றை ஒலிபெருக்கியுடைய வானொலியிற் பாடகரின் குரல் தேய்ந்து மறையும். இரு அலைகளையும் ஒப்பிட்டு அப்பிழையையும் கணினி சுட்டும்.

வெட்டுண்ட அலையை முழுமையாக மீட்டல் அரிது. ஆதலால், பாடகர் கலையகத்தை விட்டு நீங்குமுன்னரே சோதனை நடைபெறுதல் வேண்டும். எனினும், ஓரிடத்து மௌனம் பிழையா, பாடகர் வேண்டுமென்றே விட்ட இடைவெளியா என்பதை அளவு மட்டும் கூறாது. அதனைத் தீர்ப்பது இசையறிந்த செவியே.