காலி பெயின் ஆறு பிழைத்த கதை

(பொன்விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நீர்நிலைகளைப் பற்றிப் பேசும்படி பணித்தார்கள். நான் பேசப்போவது காவிரியைப் பற்றியோ தாமிரபரணியைப் பற்றியோ அன்று. வடக்கே, பஞ்சாப் மாநிலத்தில் காலி பெயின் என்று ஓர் ஆறு உண்டு. நீளம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். ஹோஷியார்பூர் மாவட்டத்தில் தோன்றி, கபூர்தலா, சுல்தான்பூர் லோதி ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு, பியாஸும் சட்லெஜும் கூடுமிடத்துக்கு அருகே போய்ச் சேருகிறது. 'காலி' என்றால் அவர்கள் மொழியில் கருமை. நம் மொழியிலோ வெறுமை. அந்த ஆற்றுக்கு ஒரு காலத்தில் இரண்டு பொருளும் பொருந்தியிருந்தன!

சீக்கியர்களுக்கு அது புனித ஆறு. அவர்களுடைய முதற்குருவான குருநானக் சுல்தான்பூர் லோதியில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். நாள்தோறும் இவ்வாற்றிலேதான் நீராடுவார். ஒருநாள் நீரில் இறங்கியவர் மூன்று நாள் கழித்தே வெளிப்பட்டார் என்றும், இந்து என்றும் முஸ்லிம் என்றும் வேற்றுமை இல்லை என்பதே அப்போது அவர் உரைத்த முதற்செய்தி என்றும் அவர்களுடைய மரபு கூறுகிறது. யோர்தான் ஆறு நமக்கு எப்படியோ, அப்படி அவர்களுக்குக் காலி பெயின். (அந்த யோர்தானின் கீழ்ப்பகுதியும் இன்று நீர் வற்றி, கழிவும் உவர்நீரும் கலந்து கிடக்கிறது என்பது வேறு வேதனை.)

இத்துணைப் பெருமை வாய்ந்த ஆறு என்ன ஆயிற்று? கரையிலிருந்த 6 நகரங்களும் 40க்கு மேற்பட்ட கிராமங்களும் தங்கள் சாக்கடையை அதில் திருப்பிவிட்டன. ஆகாயத்தாமரை மண்டிற்று. சில இடங்களில் ஆற்றுப்படுகையையே உழுது பயிர் வைத்துவிட்டார்கள். மேல்பகுதியில் நீர் தேங்கி நிலம் பாழாயிற்று. கீழ்ப்பகுதியிலோ பாசனத்துக்குச் சொட்டு நீரில்லை. விழா நாள்களில் புண்ணிய நீராட வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நீர் மாசடைவதைத் தடுக்க நம் நாட்டில் 1974ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. சாக்கடை ஆற்றில் இருந்தது.

2000ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பல்பீர் சிங் சீச்சேவால் என்ற சீக்கியத் துறவி தம் சீடர்கள் சிலரோடு அந்த நீரில் இறங்கினார். ஆகாயத்தாமரையைக் கையால் பிடுங்கிக் கரையில் எறிந்தார். கூலி வாங்காமல் உடலுழைப்பால் செய்யும் தொண்டை அவர்கள் 'கார் சேவை' என்பார்கள். அதற்குமுன் அவர் ஊர் ஊராகச் சாலை போட்டதும் இந்த முறையிலேதான். ஆகவே மண்ணும் கூடையும் அவருக்குப் புதியவை அல்ல. குருவின் ஆறு இப்படிக் கிடக்கலாமா என்று கேட்டார்; கேட்டுவிட்டு மேடையில் நிற்காமல் கழுத்தளவு நீரில் நின்றார். ஜனங்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். விவசாயிகள் டிராக்டர் கொண்டுவந்தார்கள். கிராமங்களிலிருந்து ரொட்டியும் பருப்பும் வந்தன. பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும்கூடக் கூடை சுமந்தார்கள்.

செடியைப் பிடுங்குவது பெரிய காரியம்தான்; ஆனால் அதுவே கடினமான காரியம் என்று நான் நினைக்கவில்லை. சாக்கடை வாயை அடைக்காமல் செடியை மட்டும் பிடுங்கினால், கழிவிலுள்ள சத்தைத் தின்று அது மறுபடியும் தழைத்துவிடும். சாக்கடை வாயை அடைக்கலாமென்றாலோ, அந்தத் தண்ணீர் எங்கே போகும்? தெருவிலா நிற்கும்? இங்கேதான் சீச்சேவாலின் புத்திக்கூர்மையைப் பார்க்க வேண்டும். ஊர்க்கழிவு நீரை வரிசையாக அமைத்த கிணறுகளில் விட்டார். கனமான அழுக்கு அடியில் படிந்தது. எண்ணெயும் நுரையும் மேலே பிரிந்தன. பின் குளத்தில் சில காலம் வெயிலில் கிடந்து தெளிந்த நீரைப் பூமிக்கடியில் குழாய் வைத்து வயலுக்கு அனுப்பினார். கழிவிலிருந்த உரச்சத்து பயிருக்குப் போயிற்று. உரச்செலவு குறைந்ததைக் கண்ட விவசாயி, ஊர்ச் சாக்கடை ஆற்றுக்குப் போக வேண்டாம், என் வயலுக்கு வரட்டும் என்றான். தொண்டுக்கு வராதவனும் இதற்கு வந்தான்! பக்தியால் கூடிய கூட்டம் திருவிழா முடிந்தால் கலைந்துவிடும். வயலுக்குப் பயன் உண்டென்றால் அவ்வளவு எளிதில் கலையாது.

தூர் வாரிய ஆற்றில் கால்வாயிலிருந்து நீர் விடப்பட்டது. கரையில் வேம்பும் அரசும் நட்டார்கள். படித்துறை கட்டினார்கள். 2006ஆம் ஆண்டில், அப்போது குடியரசுத் தலைவராயிருந்த நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்களே அங்கு போய்ப் பார்த்து மனம் மகிழ்ந்தார். சீச்சேவாலுக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022இல் மாநிலங்களவை உறுப்பினரும் ஆனார்.

ஆனால் எல்லாம் சுகமாக முடிந்துவிட்டது என்று சொன்னால் உங்களை ஏமாற்றியவனாவேன். சுத்திகரிப்பு வேலை தாமதமான இடங்களில் கழிவு மீண்டும் கலந்தது. பின்னாளிலும் சில ஆண்டுகளில் மீன்கள் செத்து மிதந்தன. அந்தத் துறவியும் ஓய்ந்துவிடவில்லை. 60 வயதைக் கடந்தபின், 2024இல், லூதியானா நகரத்துப் பூடா நாலாவில் இறங்கினார். சாயப்பட்டறைக் கழிவும் மாட்டுத் தொழுவச் சாணமும் கலந்து ஓடும் வாய்க்கால் அது. காலி பெயினைவிட முரட்டு வேலை.

இளைஞர் மன்றத்துத் தம்பிமார்களே! இந்தப் பொன்விழா ஆண்டில் கோவிலுக்குப் பின்னாலுள்ள வாய்க்காலை நீங்கள் துப்புரவு செய்யப் போவதாகக் கேள்விப்பட்டேன். மண்வெட்டி வாங்கப் பணம் சேர்ப்பதும் நல்லதுதான். ஆனால் முதல் நாள் மண்வெட்டி வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கரை நெடுக நடங்கள். எந்தெந்தக் குழாய் வாய்க்காலில் விழுகிறது, எந்த வீட்டுடையது, எந்தக் கடையுடையது என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். கோவில் வளாகத்துக் குழாயிலிருந்தே தொடங்குங்கள். அதை எங்கே திருப்புவது என்பதைப் பங்குப் பேரவையில் முடிவு செய்யலாம். அக்கரையில் பள்ளிவாசல் தெருவும் மாரியம்மன் கோவில் தெருவும் இருக்கின்றன. நடக்கப் போகுமுன் அந்தத் தெருப் பெரியவர்களைப் போய்ப் பாருங்கள். அங்குள்ள பிள்ளைகளையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு புறப்படுவதானால் நானும் வருகிறேன்.