கல்லில் மங்கும் பெயரை ஏட்டில் காப்போம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்லறைகளைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இருபத்தைந்து ஆண்டுக் கணக்கைப் பார்க்கும் இந்நாளில், நமக்கு முன் சென்றவர்களின் பெயர்க்கணக்கையும் பார்ப்பது நம் கடமையாகும்.

பாளையங்கோட்டையிலுள்ள பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றிற்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தோம். சில கற்களில் எழுத்துகள் தெளிவாக இருந்தன. பலவற்றில் பாதிப் பெயரே எஞ்சியிருந்தது. ஒரு மாணவன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒன்றும் எட்டும்தான் தெரிகின்றன, மற்றவை எங்கே?" என்று கேட்டான்.

அவனுக்குச் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்கிறோம். சலவைக்கல் சுண்ணாம்பின் இனத்தது. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கலந்து மெல்லிய அமிலமாகி, அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. நிலத்து ஈரம் கல்லின் நுண்துளைகள் வழியே ஏறும்போது உப்பையும் உடன் கொண்டுவருகிறது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு படிகமாகித் துளைகளைப் பிளக்கிறது. வீட்டுச் சுவர் பொரிந்து உதிர்வதும் இவ்வாறே. காக்கை எச்சத்தில் முளைத்த அரசங்கன்று மேடையையே பெயர்த்துவிடும். கருங்கல் நெடுநாள் தாங்கும். ஆயினும் ஆழமின்றி வெட்டிய எழுத்து அதிலும் மங்கும். தூய்மை செய்வதாக எண்ணி அமிலம் ஊற்றித் தேய்ப்போர், மழை நூறாண்டில் செய்யும் கேட்டை ஒரே நாளில் செய்துவிடுகின்றனர். தூய நீரும் மென்மையான தூரிகையும் போதும்.

இனி நம் நிலைக்கு வருவோம். நம் இடுகாடுகளில் பெயர் வெட்டிய பழங்கற்கள் எத்தனை? கல் வாங்கப் பொருளில்லை. எழுத்தோ நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டிருந்தது. தலைமாட்டில் நட்ட காட்டுக்கல்லே அடையாளம். நம் பாட்டியாரின் மண்மேட்டிலும் அத்தகைய கல் ஒன்று இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்ட பின் சென்று பார்த்தோம். மேடும் இல்லை, கல்லும் இல்லை. அவர் பிறந்த ஊரையும் பெற்றோர் பெயரையும் அறிந்திருந்த பெரியவரும் அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். வெள்ளத்தின் மேல் பழி சொல்லிப் பயனில்லை. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவித்த நாம், நம் பாட்டியார் வரலாற்றை எழுதாமல் விட்டோம். அது நம் குற்றமே.

இதே ஆற்றங்கரையில், ஆதிச்சநல்லூரில், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது முதுமக்கள் தாழிகளும் இரும்புக் கருவிகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்காத மண்ணுக்குள் இருந்தமையால் சுட்ட மண்ணே ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. ஆயினும் அத்தாழிகளில் உறங்கியோரின் பெயர்ப்பட்டியல் நம்மிடம் இல்லை.

ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் ஆங்கில அதிகாரி, சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905ஆம் ஆண்டு நூலாக்கினார். அதன் பின்னர் கல் சிதைந்தாலும் வாசகம் நூலில் வாழ்கிறது. ஐரோப்பியர்க்கு அவர் எழுதினார்; நம்மவர்க்கு நாம்தாம் எழுத வேண்டும்.

இளைஞர்களே! ஞாயிறுதோறும் ஒரு குறிப்பேட்டுடன் முதியோரிடம் செல்லுங்கள். மறைந்தோர் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், அடக்கம் செய்த இடம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். எழுத்துள்ள கற்களைக் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படமெடுங்கள். மங்கிய எழுத்தும் நிழலால் துலங்கும். ஒரு படியை இச்சங்கத்திலும், ஒரு படியை வீட்டிலும் வையுங்கள்.

நம் வீடுகள் பலவற்றில் முதன்முதல் எழுதப்பட்ட பெயர், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறிய பிள்ளையின் பெயரே. கல்வி தந்த அந்த எழுத்தைக் கொண்டு, எழுதப்படாமற்போன முன்னோரின் பெயர்களையும் எழுதுவோம். முதல் ஏட்டின் முதல் வரியில் நம் பாட்டியாரின் பெயரை, தெரிந்த அளவில், இன்றே எழுதித் தருகிறோம்.