வாரம் ஒரு வேடம்

தொலைக்காட்சியில் 'சிட்காம்' என்று வழங்கும் சூழ்நிலை நகைச்சுவைத் தொடர், மாறாத ஒரு வீட்டையும் மாறாத சில மனிதர்களையும் வைத்துக்கொண்டு, பகுதிதோறும் ஒரு சிக்கலைக் கிளப்பி, அரை மணி நேரத்துக்குள் அதைத் தீர்த்து, அடுத்த வாரம் ஒன்றுமே நடவாததுபோல் மறுபடி தொடங்கும் கதைவடிவம். வீட்டில் இருப்பவர்களின் குணம் சில வாரங்களிலேயே பார்வையாளர்களுக்கு மனப்பாடமாகிவிடுவதால், புதுச் சிக்கல் பெரும்பாலும் வாசற்படி ஏறித்தான் வரவேண்டியிருக்கிறது. அப்படி வந்து போகும் நடிகரையே கௌரவ நடிகர் என்கிறார்கள்.

ஒரே நடிகர் இவ்வாறு பலமுறை வருவதற்கு இரண்டு முறைகள் உண்டு. வந்தவர் அதே பாத்திரமாகவே திரும்பி வருவது முதல் முறை. அமெரிக்காவில் 1960 முதல் 1968 வரை ஒளிபரப்பான 'ஆண்டி கிரிஃபித் ஷோ' என்னும் தொடரில் பார்னி ஃபைஃப் என்ற துணைக் காவலராக நடித்த டான் நாட்ஸ், 1965இல் தொடரை விட்டு விலகிய பிறகும் எப்போதாவது ஊருக்கு வரும் பழைய சிநேகிதராகத் தலைகாட்டினார்; அந்தப் பாத்திரத்துக்காக அவர் பெற்ற ஐந்து எம்மி விருதுகளில் இரண்டு, இந்தச் சில வருகைகளுக்காகவே கிடைத்தவை. முகம் மாறாமல், வாரந்தோறும் ஆள் மட்டும் மாறி வருவது இரண்டாவது முறை. இது அரிது; இதற்குத் தலைசிறந்த சான்று இந்தியாவில்தான் இருக்கிறது.

1984இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'யே ஜோ ஹை ஜிந்தகி' என்ற இந்தித் தொடரை அங்கதக்காரரான ஷரத் ஜோஷி எழுதினார். இயக்கியவர்களுள் முக்கியமானவர் குந்தன் ஷா. ஷஃபி இனாம்தாரும் ஸ்வரூப் சம்பத்தும் ரஞ்சித், ரேணு என்ற தம்பதியாகவும், ராகேஷ் பேடி வேலையில்லாத மைத்துனன் ராஜாவாகவும் அந்த வீட்டை நிரப்ப, சதீஷ் ஷா பகுதிக்கு ஒரு புது ஆளாக அங்கே வந்து சேர்ந்தார். 55 பகுதிகளில் 55 வேடங்கள் என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட கணக்கு. அதற்கு முந்தைய ஆண்டுதான், அதே குந்தன் ஷாவின் 'ஜானே பி தோ யாரோ' திரைப்படத்தில் ஊழல் மாநகராட்சி ஆணையராகத் தோன்றி, பின்பாதி முழுவதும் பிணமாகவே நடித்து, திரௌபதி வேடம் புனைந்த பிணமாக நாடக மேடை வரைக்கும் போயிருந்தார். அப்படிப்பட்ட நடிகருக்கு வாரம் ஒரு மீசையும் வாரம் ஒரு குரலும் பெரிய பாரமாக இருந்திருக்க முடியாது.

காவிரிக் கழனிப் பகுதியில் தொலைக்காட்சி பரவத் தொடங்கிய காலமும் இதை ஒட்டியதே. அந்நாளில் தூர்தர்ஷன் நாடெங்கும் அவசர அவசரமாக நிறுவிய குறைந்த சக்தி ஒளிபரப்பு நிலையங்கள், அதாவது ஓர் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே எட்டக்கூடிய சிறு கோபுரங்கள், டில்லியிலிருந்து இன்சாட்-1பி செயற்கைக்கோள் வழியாக வந்ததை அப்படியே வாங்கி ஒளிபரப்பின. சென்னை நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சிகள் எட்டாத ஊர்களுக்கு இந்தியே இரவு விருந்தாயிற்று. ஷரத் ஜோஷியின் சொல் விளையாட்டில் பெரும்பகுதி தமிழ்ப் பார்வையாளர்களுக்குப் பிடிபட்டிருக்காது; ஆனால் போன வாரம் வேறு யாராகவோ வந்த அதே மனிதர் இந்த வாரம் இன்னொருவராக நிற்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள மொழி தேவையில்லை.

புரியாத மொழி நாடகத்தைக் கண்டு களிப்பது தஞ்சை மண்ணுக்குப் பழகிய காரியமுங்கூட. நரசிம்ம ஜயந்தியை ஒட்டி மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா, வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய நாடகங்களைத் தமிழ் கிராமத்தின் நடுவில், பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்று நடிக்கும் மரபு. அதில் இரணியனும் பிரகலாதனும் வருவதற்கு முன் கோணங்கி என்னும் விகடன் ஆடி வருகிறான். கதைக்கு அவன் உறவினனும் அல்லன், பகைவனும் அல்லன். ஆனாலும் அவன் வந்தபின்புதான் சபை அடங்கி, கதைக்கு வழி திறக்கிறது. சதீஷ் ஷாவுக்குக் கோணங்கியை மூதாதை என்று சொல்வது மிகை. வீட்டுக்கு வெளியிலிருந்து வந்து வீட்டுக் கதையை நகர்த்தும் ஒருவனை ஏற்றுக்கொள்ளும் பயிற்சி இங்கே ஏற்கெனவே இருந்தது என்பது மிகையன்று.

ஒரே முகம் பல ஆட்களாக வருவதற்கோ தமிழ்த் திரையில் இன்னும் நெருங்கிய முன்னோடி உண்டு. ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'நவராத்திரி' (1964) படத்தில், வீட்டை விட்டு ஓடிய நளினா ஒன்பது இரவுகளில் சந்திக்கும் ஒன்பது ஆண்களாகவும் சிவாஜி கணேசனே தோன்றினார். தஞ்சைக்கு அருகே சூரக்கோட்டையில் பண்ணை வைத்திருந்த அவரை இவ்வட்டாரம் தன் பிள்ளையாகவே கொண்டாடியது. அந்தப் படத்திலும் சாவித்திரியின் நளினாவுக்கு ஒவ்வொருவரும் வேறு வேறு ஆள். கொட்டகையில் இருப்பவர்களுக்கோ ஒன்பது பேரும் சிவாஜி. பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று பார்வையாளருக்குத் தெரிந்திருக்கும் இந்த இடைவெளியே மாறுவேடச் சுவையின் வேர். வேடம் முழுதாக மறைத்துவிட்டால் சுவை போய்விடும். கொஞ்சமும் மறைக்காவிட்டால் கதை போய்விடும். திரைப்படத்துக்கு இந்தக் கம்பிமேல் நடை மூன்று மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது. தொடருக்கோ அது வாரக் கூலி வேலை: ரஞ்சித்தும் ரேணுவும் அந்த முகத்தை ஒவ்வொரு முறையும் மறந்தாக வேண்டும், வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் ஒருமுறையும் மறக்கக் கூடாது. அவர்களை மறக்கவிடாமல் வைத்திருந்ததே சதீஷ் ஷாவின் சாதனை. எண்ணிக்கை அதற்கு அடுத்ததுதான்.

2025 அக்டோபர் 25 அன்று 74 வயதில் மறைந்த அவரைப் பிந்தைய தலைமுறை அறிந்தது, 2004இல் தொடங்கிய 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' தொடரின் இந்திரவதனாக. அதில் அவர் வீட்டுத் தலைவர்; கூடத்துச் சோபாவை விட்டு எழாமலே மனைவியையும் மகனையும் சீண்டுபவர். வாசல் வழியாக வந்து போகும் வேலை அங்கே மற்றவர்களுக்குப் போயிற்று. அவர்களுள் ஒருவர் அந்தத் தொடரின் இயக்குநர் தேவன் போஜானி; வீட்டு மின்சாதனங்களைப் பிரித்துப் போடுவதிலேயே ஆனந்தம் காணும் துஷ்யந்த் என்ற மாப்பிள்ளையாக அவர் அவ்வப்போது வந்து போனார்.