யாருடைய கை காய் நகர்த்துகிறது?

(வில்லியனூர் கொம்யூனில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சரித்திரப் படம் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? யானை, குதிரை, வாள் வீச்சு, நீண்ட வசனம். முதலில் கோட்டை தெரியும்; முரசு முழங்கும்; ராஜா வருவார். இன்று நாம் பேசும் படம் அப்படித் தொடங்கவில்லை.

வங்கத்து டைரக்டர் சத்யஜித் ராய் 1977-ல் எடுத்த படம் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’. சதுரங்க ஆட்டக்காரர்கள் என்று பொருள். பிரேம்சந்த் 1924-ல் எழுதிய சிறுகதையைத் தழுவியது. 1856-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவத் ராஜ்யத்தை விழுங்கிய கதை.

படம் தொடங்கியதும் திரையில் ஒரு சதுரங்கப் பலகை. முகம் இல்லை, ஊர் இல்லை. ஒரு கை வந்து காயை நகர்த்துகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கை. பின்னணிக் குரல் அவர்களை மாபெரும் தளபதிகள் போல அறிமுகம் செய்கிறது. குரல் புகழ்கிறது, படம் சிரிக்கிறது! பிறகுதான் அந்தக் கைகளுக்கு உரிய இரண்டு ஜாகீர்தார்களைப் பார்க்கிறோம். பாட்டன் சம்பாதித்த மானியத்தில் உட்கார்ந்து தின்பவர்கள், பொழுதெல்லாம் ஆட்டம்.

காமிராவை இவ்வளவு நெருக்கமாக வைத்தது ஏன்? மாளிகையை அகலமாகக் காட்டியிருந்தால் பட்டிலும் ஜரிகையிலும் நம் கண் மயங்கியிருக்கும். கையை மட்டும் காட்டியதால் கேள்வி பிறக்கிறது: நாட்டுக்கு ஆபத்து வந்தால் இந்தக் கை என்ன செய்யும்? காயை நகர்த்தும், அவ்வளவுதான்.

அடுத்து லக்னோ நகரத்தின் கேளிக்கைகள். ஆடலிலும் பாடலிலும் மூழ்கிய மன்னர் வாஜித் அலி ஷா. பிறகு திடீரென்று கார்ட்டூன் சித்திரம்! கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பஞ்சாப், நாகபுரி, சதாரா, ஜான்சி என்று ராஜ்யங்களைச் செர்ரிப் பழம் போல வாயில் போட்டுக்கொள்கிறான். அவத்தை வாயில் விழப்போகும் செர்ரிப் பழத்துக்கு ஒப்பிட்டுக் கடிதம் எழுதியவன் அவனே. அந்தக் கொழுப்பை ராய் அப்படியே சித்திரமாக்கிவிட்டார். பெரிய புத்தகம் சொல்லவேண்டியதைச் சில நிமிடங்களில் குழந்தைக்கும் புரியவைத்துவிட்டார்.

தோழர்களே, இது எங்கோ வடக்கே நடந்த கதை என்று எண்ணவேண்டாம். நம் வில்லியனூரும் பாகூரும் இதே பலகையில் காய்களாக இருந்தவைதான். 1749-ல் ஆம்பூர்ச் சண்டையில் பிரெஞ்சுக்காரர் உதவியோடு வென்ற சந்தா சாகிப், அதற்குக் கைம்மாறாக வில்லியனூர், பாகூர்க் கிராமங்களைத் தூக்கிக் கொடுத்தார். 1752-ல் ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் பாகூரில் மோதின. நவாப் கொடுத்தார், துய்ப்ளே வாங்கினார். நாற்று நட்டவளை யார் கேட்டார்கள்? ஏர் பிடித்தவனை யார் கேட்டார்கள்?

இங்கேதான் ராயின் தொடக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். காய் நகர்த்தும் கையைக் காட்டினார். பழம் தின்னும் வாயைக் காட்டினார். அந்த ஜாகீர்தாருக்குச் சோறு போட்ட உழவனின் கையை இந்தத் தொடக்கத்தில் காணோம். படத்தின் கடைசியில் கல்லு என்ற கிராமத்துச் சிறுவன் வருகிறான். பிரபுக்களுக்கு உணவு கொண்டுவந்து கொடுக்கிறான். கம்பெனிப் படை வருவதைப் பார்த்து, எதிர்த்துச் சண்டை போட யாரும் இல்லையே என்று வருந்துகிறவன் அவன்தான். பிரபுக்களோ ஆட்டத்தைத் தொடர்கிறார்கள்!

படம் பார்ப்பதும் ஒரு படிப்புத்தான். கொட்டகையில் பார்த்தாலும் சரி, கைப்பேசியில் பார்த்தாலும் சரி, அடுத்த சரித்திரப் படத்தின் முதல் பத்து நிமிடம் விழிப்போடு பாருங்கள். காமிரா யாரை நெருங்குகிறது? யாரைத் தூரத்தில் கூட்டமாக நிறுத்துகிறது? கதை சொல்லும் குரல் யாருடையது? அந்த அரண்மனைக்கு வரி கட்டியவன் எங்கே? இந்த நான்கு கேள்விகளையும் வீட்டில் பிள்ளைகளிடமும் கேளுங்கள். சரித்திரம் ராஜாக்களின் சொத்து அல்ல, நம்முடையதும்தான் என்பது அவர்களுக்கும் விளங்கட்டும்.